மீன் பிடித்து வந்ததும் ரீலின் டிராக்கைத் தளர்த்த வேண்டுமா? அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

மழைக்காலத்துக்குப் பின் கோலி மீனவர்கள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கும் நாரளி பூர்ணிமை முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை, தாராவியிலிருந்து ஒரு தம்பி தன் தூண்டில் ரீலை, அதாவது நரம்பைச் சுற்றி வைக்கும் கருவியை, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மும்பை ஆன்டாப் ஹில்லில் உள்ள என் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணாச்சி, ரீல் நன்றாகத்தான் சுற்றுகிறது. ஆனால் காலையில் பாயந்தர் கழிமுகத்தில் இரண்டு மீன் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டன. நரம்பு புதிது. முடிச்சையும் நீங்கள் சொல்லிக்கொடுத்தபடிதான் போட்டேன்."

அவனுடைய நரம்பு 12 பவுண்டு தாங்கக்கூடியது, அதாவது ஏறக்குறைய 5.4 கிலோ. நரம்பின் நுனியை மீன்காரர்கள் வைத்திருப்பது போன்ற கொக்கித் தராசில் கட்டி மெதுவாக இழுத்தேன். முள் ஒரு கிலோவைத் தாண்டியது, இரண்டைத் தாண்டியது, மூன்றையும் தாண்டியது. நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் அசையவே இல்லை. நாலரையை நெருங்கியபோது 'டக்' என்று ஒரு சத்தத்தோடு ஸ்பூல் சுழன்றது. உடனே முள் ஒன்றே முக்கால் கிலோவுக்கு விழுந்து அங்கேயே நின்றது.

"மே மாதக் கடைசியில் எடுத்து வைத்தாயே, டிராக்கைத் தளர்த்தினாயா?"

"இல்லை அண்ணாச்சி. அதைத் தளர்த்த வேண்டுமா?"

வேண்டும். ஒவ்வொரு முறையும் வேண்டும். அவனுக்கு அன்று சொன்னதையும், வெவ்வேறு ரீல்களைத் திறந்து பார்த்ததில் தெரிந்துகொண்டதையும் அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். உங்கள் ரீலில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

டிராக்குக்குள் என்ன இருக்கிறது

டிராக் என்பது ஒரு பிரேக். ஸ்பூலின் தலையில் இருக்கும் குமிழைத் திருகிக் கழற்றினால், உள்ளே ஒரு கம்பி வளையம் தெரியும். அதை நெம்பி எடுத்தால் தோசைகளை அடுக்கியதுபோல் வாஷர்கள் இருக்கும். ஒன்று விட்டு ஒன்று உலோகம். உலோக வாஷர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகைக்கு விளிம்பில் காதுகள் இருக்கும். அவை ஸ்பூலின் பள்ளங்களில் உட்கார்ந்து ஸ்பூலோடு சேர்ந்து சுற்றும். இன்னொரு வகையின் நடு ஓட்டை வட்டமாக இல்லாமல் பக்கம் சீவியதுபோல் இருக்கும். அது நடுத்தண்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உராய்வு வாஷர். விலை குறைந்த ரீல்களில் பெரும்பாலும் அது ஃபெல்ட், அதாவது கம்பளிபோல் அமுக்கித் தயாரித்த மெத்து. நல்ல ரீல்களில் கார்பன் ஃபைபர் நெசவு. பென் நிறுவனத்தின் எச்டி-100 என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள், அது இந்தக் கார்பன் வகைதான்.

குமிழை இறுக்கும்போது ஒரு ஸ்பிரிங் இந்த அடுக்கு முழுவதையும் அமுக்குகிறது. மீன் இழுக்கும்போது வாஷர்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நரம்பை விடுகின்றன. வழுக்குவது சீராக இருந்தால் மெல்லிய நரம்பை வைத்துக்கொண்டே பெரிய மீனைக் கரைக்குக் கொண்டுவரலாம். சீராக இல்லாவிட்டால் தடித்த நரம்பும் அறுந்துபோகும்.

இரவு முழுவதும், அல்லது மழைக்காலம் முழுவதும், அந்த அடுக்கை அமுக்கியே வைத்திருந்தால் என்ன ஆகும்? ஃபெல்ட் வாஷர் சப்பையாகிவிடும். அதில் ஊறியிருந்த கிரீஸ் பிதுங்கி வெளியேறிவிடும். உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். உப்புத்தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போயிருந்தால், அது ஆவியாக வழியில்லாமல் அங்கேயே நின்று உப்பைப் படிய விடும். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றே ஈரத்துணிபோல் இருக்கும். அலமாரியில் வைத்த தோல் செருப்பிலேயே பூஞ்சை பிடிக்கிற ஊரில், அமுக்கி மூடிய வாஷர்களுக்கிடையே ஈரம் எப்படி உலரும்?

"என் ரீலில் இருப்பது கார்பன், அது அமுங்காது" என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. கார்பன் நெசவு ஃபெல்ட்போலச் சப்பையாவதில்லை. ஓரிரவு இறுக்கமாக வைத்துவிட்டால் குடிமுழுகிப் போகாது. ஆனால் கிரீஸ் பிதுங்குவதும் ஈரம் தங்குவதும் அதற்கும் உண்டு. குமிழை நான்கு சுற்று பின்னால் திருக ஐந்து விநாடி ஆகிறது. அந்த ஐந்து விநாடிக்காக வாதாடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. ஒரே நாளில் கடல்நீர் ஏறும் காலை ஓதத்துக்கும் மாலை ஓதத்துக்கும் இடையே தேநீர் குடிக்கப் போகிறீர்கள் என்றால் தளர்த்தத் தேவையில்லை. வீட்டுக்கு வந்துவிட்டால் தளர்த்துங்கள்.

முதலில் இது டிராக் கோளாறுதானா என்று பாருங்கள்

என்னிடம் 'டிராக் போய்விட்டது' என்று வருகிற ரீல்களில் எல்லாவற்றிலும் டிராக் போயிருப்பதில்லை. வாஷர்களைக் கழற்றுவதற்கு முன் நான்கு சோதனைகள் செய்யுங்கள்.

டிராக்கை மீன்பிடிக்கும் அளவுக்கு இறுக்கிவிட்டு, நரம்பைத் தொடாமல் ஸ்பூலை மட்டும் விரல்களால் சுழற்றுங்கள். ஸ்பூல் வழுவழுவென்று சுற்றுகிறது, நரம்பைப் பிடித்து இழுத்தால் மட்டும் வெட்டி வெட்டி வருகிறது என்றால், டிராக் நல்ல நிலையில் இருக்கிறது. குற்றவாளி, நரம்பை ஸ்பூலில் சுற்றிவிடும் வளைகம்பியின் ஓரத்தில் இருக்கும் சிறு உருளை. உப்பு ஏறி அது சுற்றாமல் நின்றிருக்கும். ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ், வெந்நீர், பிறகு ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான். உருளை சுற்றினால் தூண்டில் கோலின் வளையங்களைப் பாருங்கள். எதிலாவது கீறல் இருந்தால் பஞ்சுத் துணுக்கை உள்ளே விட்டு இழுத்ததும் இழை மாட்டும்.

இரண்டாவது, பிரெய்டு, அதாவது பல இழைகளைப் பின்னிய நூல், போட்டவர்களுக்கு. எவ்வளவு இறுக்கினாலும் நழுவுகிறதென்றால், ஸ்பூல் நிற்கும்போதே அதன்மேல் சுற்றிய நூல் முழுவதுமாக உருள்கிறதா என்று பாருங்கள். பிரெய்டு வழுக்கும் தன்மை கொண்டது. அடியில் கொஞ்சம் தங்கூசி எனும் நைலான் நரம்பைச் சுற்றாமல் நேராக உலோகத்தின்மேல் சுற்றியிருந்தால் மொத்தச் சுருளும் நழுவும். ஸ்பூலின் விளிம்பிலும் நூலின்மேலும் சேர்ந்தாற்போல் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு இழுங்கள். கோடு இரண்டாகப் பிரிந்தால் வாஷர்மேல் பழி போடாதீர்கள். நூலைக் கழற்றி, அடியில் ஏழெட்டு சுற்றுத் தங்கூசி சுற்றி, மறுபடி சுற்றுங்கள்.

மூன்றாவது, அதே பிரெய்டு தளர்வாகச் சுற்றப்பட்டிருந்தால் மேல் சுற்று அடிச் சுற்றுகளுக்குள் புதைந்துகொள்ளும். மீன் ஓடும்போது அது பிய்த்துக்கொண்டு வெளியே வரும். கைக்கு டிராக் திக்குவதுபோலவே தெரியும்.

நான்காவது, மீன் இழுக்கும்போது கைப்பிடி பின்னால் சுற்றுகிறதா? அப்படியானால் பின்சுழல் தடுப்பில் கோளாறு. அது டிராக்கிலிருந்து தனிப் பகுதி. அங்கே கிரீஸ் அதிகமாகப் போட்டிருந்தாலும் இப்படி ஆகும்.

இந்த நான்கும் இல்லை என்றால் கீழே வாருங்கள்.

அறிகுறி: முதல் இழுப்பில் ஒட்டிக்கொள்கிறது, பிறகு சரளமாக விடுகிறது

தம்பியின் ரீலில் இருந்தது இதுதான். தளர்த்தாமல் வைப்பதால் வருகிற கோளாறுகளில் முதன்மையானதும் இதுதான். கையால் நரம்பை வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பவருக்கு இது தெரியாது. ஒரு முறை இழுத்ததுமே ஒட்டு விட்டுவிடும், அதன்பின் நூறு முறை இழுத்தாலும் சரளமாகவே வரும். மறுநாள் காலையில் மறுபடி ஒட்டியிருக்கும். அதனால்தான் அன்றைய முதல் மீனும், வெகுநேரம் காத்திருந்தபின் வருகிற மீனும் அறுத்துக்கொண்டு போகின்றன. அப்படி வருவது பெரும்பாலும் கொடுவாவாக இருக்கும். மும்பை மீன்சந்தையில் ஜிதாடா என்று கேட்டு வாங்குவோமே, அந்த மீன்தான். கவ்விய அடுத்த கணமே தலையை உதறிக்கொண்டு கண்டல் வேர்களை நோக்கிப் பாயும். அந்தக் கணத்தில் டிராக் திறக்க வேண்டும். நாலரைக் கிலோவரை திறக்காமல் நின்றால், 5.4 கிலோ நரம்பில் முடிச்சு ஏற்கெனவே தின்றுவிட்ட பலத்தையும் கழித்துவிட்டால், மிச்சம் ஒன்றுமில்லை.

இதை அளக்கத் தராசு வேண்டும். கோலை நீட்டி, நுனி தராசைப் பார்க்கும்படி நேராக வைத்து, மெல்ல இழுங்கள். ஸ்பூல் அசையத் தொடங்கும் கணத்தில் முள் காட்டும் எண் ஒன்று. ஓடும்போது காட்டும் எண் இன்னொன்று. இரண்டும் ஒன்றாகவே இருக்க முடியாது, நின்றிருக்கும் பொருளை நகர்த்துவதற்கு எப்போதும் சற்றுக் கூடுதல் விசை வேண்டும். ஓடும்போது 2 கிலோ என்றால் தொடக்கத்தில் 2.2 அல்லது 2.3 இருக்கலாம். மூன்றைத் தொட்டால் நான் அந்த ரீலை மீன் பிடிக்க எடுத்துப் போகமாட்டேன்.

சரிசெய்யும் வழி: குமிழைக் கழற்றுங்கள். ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். கம்பி வளையத்தை நெம்பும்போது ஒரு விரலை அதன்மேல் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அது தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். வாஷர்களை எடுக்க எடுக்க, இடமிருந்து வலமாக அதே வரிசையில், மேல் பக்கம் மேலேயே இருக்கும்படி வையுங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் ரீலில் மேல் ஃபெல்ட் வாஷர் உலோகத்தோடு ஒட்டி ஒன்றாகவே வந்தது. நகத்தை நடுவில் விட்டுப் பிரித்தேன். ஃபெல்ட்டின் முகம் கண்ணாடிபோல் மினுமினுத்தது. வெளி விளிம்பில் பழுப்பாக ஒரு வட்டம், பிதுங்கிய கிரீஸ் அங்கே போய்க் காய்ந்து நின்றிருந்தது. நடுப்பகுதியில் கிரீஸ் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. விரலால் தடவியதும் சர்க்கரைப் பொடிபோல் உப்பு நெருடியது.

ஃபெல்ட்டைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்து, பிழிந்து முறுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே அழுத்தித் தண்ணீரை எடுத்து, நிழலில் முழுக்கக் காய விடுங்கள். பெட்ரோல், தின்னர் எதுவும் வேண்டாம். உலோக வாஷர்களைத் துடைத்துக் கண்ணாடிமேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது, மாற்ற வேண்டும். காய்ந்த ஃபெல்ட் பழையபடி மெத்தென்று எழும்பினால் பிழைத்தது. மினுமினுப்பு போகாமல் அட்டைபோல் விறைத்தே இருந்தால் புதிது வாங்குங்கள். ரீலின் மாடல் எண்ணையும், வாஷரின் வெளி விட்டம், உள் விட்டம், கனம் மூன்றையும் எழுதிக்கொண்டு போனால் கடைக்காரர் தடுமாறமாட்டார். அதே அளவில் கார்பன் வாஷர் கிடைத்தால் அதையே போட்டுவிடலாம்.

கிரீஸைப் பற்றி ஒரு வார்த்தை. டிராக்குக்கென்றே கிரீஸ் உண்டு. கால்ஸ், ஷிமானோ என்ற பெயர்களில் சிறு டப்பாவாக வரும். அதைத்தான் போட வேண்டும். சைக்கிள் கடையில் இருக்கும் மஞ்சள் கிரீஸ் பேரிங்குக்கானது. துருநீக்கும் ஸ்பிரே கிரீஸே அல்ல. அது இருக்கிற கிரீஸையும் கரைத்துவிட்டுப் போகும். ஃபெல்ட்டில் கிரீஸை விரலால் தேய்த்து உள்ளே ஊற விடுங்கள். கார்பனில் மெல்லத் தடவி, துணியால் ஒற்றி எடுங்கள். நெசவின் கட்டங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அறிகுறி: ஓடும்போது விட்டு விட்டு இழுக்கிறது

இதில் முதல் இழுப்பு மட்டுமல்ல, முழு ஓட்டமும் கிர்-கிர்-கிர் என்று திக்கித் திக்கி வரும். கோலின் நுனி தலையாட்டுவதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். வாஷர்கள் காய்ந்திருக்கின்றன, அல்லது இடையில் உப்போ மணலோ இருக்கிறது, அல்லது ஓர் உலோக வாஷர் வளைந்திருக்கிறது. மேலே சொன்ன கழுவல் முதல் இரண்டையும் தீர்க்கும்.

வேகமான நீர்த்தாரையில் கழுவுவதால்தான் மணல் உள்ளே போகிறது என்பது என் அனுபவம். உத்தன் கடற்கரையிலிருந்து வந்ததும் ரப்பர் குழாயின் வாயை விரலால் அடைத்துப் பீய்ச்சி அடிக்கிறோம். வெளியே இருந்த மணல் அந்த வேகத்தில் குமிழுக்கு அடியில் புகுந்துகொள்கிறது.

ஒருவேளை நீங்களே முன்பு கழற்றி மாட்டியிருந்தால் வரிசையைச் சரிபாருங்கள். காது வாஷருக்கும் தண்டு வாஷருக்கும் இடையே உராய்வு வாஷர் இல்லாமல் இரண்டு உலோகங்கள் முகத்தோடு முகம் உரசிக்கொண்டிருந்தால் இதே திக்கல்தான்.

அறிகுறி: எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்கவில்லை

மேலே சொன்ன பேனாக்கோட்டுச் சோதனையைச் செய்துவிட்டீர்கள், நூல் நழுவவில்லை. அப்படியானால் ஃபெல்ட் தேய்ந்தோ சப்பையாகியோ அடுக்கின் உயரம் குறைந்திருக்கிறது. குமிழ் அடிவரை போய்விடுகிறது, ஆனால் ஸ்பிரிங் அமுக்குவதற்கு உள்ளே கனம் போதவில்லை. வருடக்கணக்கில் இறுக்கியே வைத்திருந்த ரீல்கள் இந்த நிலைக்குத்தான் வந்து சேர்கின்றன. புதிய வாஷர்தான் வழி. காகிதத்தை வெட்டி அடியில் வைத்து உயரம் ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது முதல் ஈரத்திலேயே கூழாகி மொத்த அடுக்கையும் கெடுக்கும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

அறிகுறி: குமிழே திரும்பவில்லை

உப்பு பூத்துத் திருகின் புரிகளைப் பிடித்துக்கொண்டது. இடுக்கியால் பிடித்துத் திருகினால் குமிழ் உடையும், சில சமயம் நடுத்தண்டே வளையும். ரீலைத் தலைகீழாகக் கவிழ்த்து, குமிழ் மட்டும் முழுகும்படி வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் வையுங்கள். உப்பு தண்ணீரில் கரையும் பொருள், அதற்கு அவகாசம் கொடுத்தால் போதும். பிறகு ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு திருகுங்கள். வராவிட்டால் மறுபடி ஊறப் போடுங்கள். பச்சையாகவோ வெள்ளைப் பொடியாகவோ அரிப்பு தெரிந்தால், கழன்றபின் புரிகளைப் பிரஷால் தேய்த்துச் சிறிது கிரீஸ் தடவுங்கள்.

அறிகுறி: காலையில் முதல் வீச்சுக்குப் பிறகு நரம்பு முறுக்கிக்கொள்கிறது

இது தளர்த்துகிறவர்களுக்கு மட்டுமே வரும் தொல்லை. தளர்த்தக் கூடாது என்பவர்கள் இதைத்தான் சாட்சியாகக் கொண்டுவருவார்கள். இரவு தளர்த்தியதை மறந்துவிட்டு வீசுகிறோம். கைப்பிடியைச் சுற்றுகிறோம். தூண்டில் எதிலோ மாட்டியிருக்கிறது, ஸ்பூல் பின்னால் நழுவுகிறது, நரம்பு உள்ளே வரவில்லை, நாமும் சுற்றிக்கொண்டே இருக்கிறோம். ஸ்பின்னிங் ரீலில், ஸ்பூலைச் சுற்றிவந்து நரம்பைச் சுற்றும் சுழலி ஒரு சுற்று சுற்றும்போது நரம்பில் ஒரு முறுக்கு ஏறும். பற்சக்கர விகிதம் 5.2 என்றால், கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஐந்து முறுக்கு. இருபது முறை வீணாகச் சுற்றினால் நூறுக்கு மேல். அதன்பின் அந்த நரம்பு எதற்கும் உதவாது.

மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது சுற்றுகிறவர்களுக்கும் இதேதான் நடக்கும். டிராக் பாடிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைத் தொடாதீர்கள்.

மறதிக்கு என் வழி இது: டிராக்கைத் தளர்த்தியதும் ஒரு சிவப்பு ரப்பர் வளையத்தை வளைகம்பியின்மேல் மாட்டிவிடுவேன். அதைக் கழற்றாமல் வீச முடியாது. கழற்றும் கை தானாகவே குமிழுக்குப் போகும்.

ஏற்கெனவே முறுக்கேறிய நரம்பாக இருந்தால், நுனியில் எதையும் கட்டாமல் வடியும் ஓதத்தில் நாற்பது ஐம்பது மீட்டர் விட்டு, பத்து நிமிடம் பிடித்திருந்து, விரல்களுக்கிடையே அழுத்திச் சுற்றுங்கள். பாதிக்குமேல் பிரிந்துவிடும்.

அறிகுறி: மீன் தூரம் ஓடியபின், டிராக் குமிழைத் தொடாமலேயே நரம்பு அறுகிறது

இது பழுது அல்ல, கணக்கு. ஸ்பூல் நிறைய நரம்பு இருக்கும்போது விட்டம் 48 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மீன் ஓடி ஓடி அது 36 ஆகிவிட்டது. வாஷர்களின் பிடி மாறவில்லை. ஆனால் நெம்புகோல் குட்டையாகிவிட்டதால், மூன்று கிலோவாக இருந்த டிராக் இப்போது நரம்பில் நான்கு கிலோவாக இருக்கும். அதோடு, தண்ணீருக்குள் கிடக்கும் நீண்ட நரம்பின் இழுவையும் சேரும். ஆகவே பெரிய மீன் தூரம் போகப் போகக் குமிழைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். உள்ளுணர்வு இறுக்கச் சொல்லும். கேட்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் என்ன வரிசையில் செய்வது

வரிசை முக்கியம். பலர் முதலில் தளர்த்திவிட்டுப் பிறகு கழுவுகிறார்கள். அது தலைகீழ். தளர்ந்த அடுக்கின் இடைவெளிகளில் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும்.

முதலில் குமிழை நன்றாக இறுக்குங்கள். எங்கள் கட்டடத்தில் மாநகராட்சித் தண்ணீர் வருவது சில மணி நேரம்தான், அதனால் டிரம்மிலிருந்து ஒரு சொம்பு எடுத்துக்கொள்வேன். ரீலை வாளியில் முக்கக் கூடாது. சொம்பிலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றி, உருளையையும் வளைகம்பியையும் ஸ்பூலில் இருக்கும் நரம்பையும் கழுவுங்கள். உதறுங்கள், துடையுங்கள். அதன்பின் குமிழை, ஸ்பிரிங்கின் அழுத்தம் விரலுக்குத் தெரியாமல் போகும்வரை பின்னால் திருகுங்கள். கழன்று விழும் அளவுக்கு வேண்டாம். ரீல் மின்விசிறிக் காற்றில் இரவு முழுக்க உலரட்டும். வெயிலில் வைக்க வேண்டாம். இறுக்கிக் கழுவி, தளர்த்தி உலர்த்தும் இதே வரிசையைத்தான் ரீல் தயாரிப்பாளர்களின் கையேடுகளும் சொல்கின்றன.

பெய்ட்காஸ்டிங் ரீலில் கைப்பிடிக்கு அடியில் இருக்கும் நட்சத்திர வடிவச் சக்கரத்தைப் பின்னால் திருப்புங்கள். நெம்புகோல் வகை ரீலில் நெம்புகோலை 'ஃப்ரீ' நிலைக்குக் கொண்டுவந்தால் போதும். டிராக்கின் அளவை முன்கூட்டியே நிர்ணயிக்கும் முன்னமைப்புக் குமிழைத் தொட வேண்டாம்.

பலர் தளர்த்தாததற்கு உண்மையான காரணம் ஒன்று உண்டு. போலித் தூண்டிலைக் கோலின் வளையத்தில் மாட்டி, நரம்பை விறைப்பாக இழுத்து, டிராக்கை இறுக்கிவிட்டால் கோலைத் தூக்கிக்கொண்டு நடப்பது எளிது. தளர்த்தினால் முட்கொக்கி ஊசலாடும். ஞாயிறு காலை பாயந்தர் செல்லும் லோக்கல் ரயிலிலேயே ஒருவர் சட்டையில் அது மாட்டினால் என்ன ஆகும்? அதற்குத் தீர்வு டிராக்கை இறுக்குவதல்ல. தூண்டிலைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, நரம்பின் நுனியை ஸ்பூலின் பக்கத்திலுள்ள பிடிப்பில் செருகுங்கள். கூட்ட ரயிலில் கொக்கி மாட்டிய கோலைத் தூக்கிக்கொண்டு ஏறுவது யாருக்கும் நல்லதல்ல.

மறுபடி இறுக்குவது

தளர்த்தி வைத்த ரீலாக இருந்தாலும், மீன் பிடிக்கும் இடத்துக்குப் போனதும் கையால் இரண்டு மூன்று மீட்டர் நரம்பை டிராக்கின் வழியாக இழுத்துவிடுங்கள். வாஷர்கள் விழித்துக்கொள்ளும். பிறகு தராசைக் கட்டி, நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வையுங்கள். 20 பவுண்டு நரம்பு என்றால் அது 9 கிலோ. டிராக் இரண்டே கால் கிலோவிலிருந்து 3 கிலோவுக்குள். கண்டல் வேர்களுக்கு அருகே செப்பிலி மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்கள் கூடுதலாக வைப்பதுண்டு, வேருக்குள் புகுந்தால் மீன் போனதுதான். ஆனால் அதற்கேற்ற தடித்த நரம்பும் வேண்டும். மணற்பாங்கில் காலாவுக்கு, அதாவது இங்கே ராவஸ் என்கிறார்களே அந்த மீனுக்கு, கால் பங்கு தாராளம். அதன் வாய் மென்மையானது, இறுக்கினால் கொக்கி கிழித்துக்கொண்டு வரும்.

தராசு இல்லாமல் கைப்பழக்கத்தில் வைக்கிறவர்கள் ஒருமுறையாவது தராசில் கட்டிப் பாருங்கள். கைக்கு இரண்டு கிலோ என்று தோன்றுவது பெரும்பாலும் ஒரு கிலோவாகத்தான் இருக்கும், அல்லது நான்காக இருக்கும்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அறுந்துபோன மீனும் ஒரு காரணம். நம் கையில் இருப்பது வெறும் நரம்பின் மிச்சம். அந்தக் கொடுவா வாயில் கொக்கியோடும் பின்னால் பத்து மீட்டர் தங்கூசியோடும் போகிறது. அந்தத் தங்கூசி கண்டல் வேர்களில் சுற்றிக்கொண்டால் மீன் அங்கேயே கட்டுண்டு கிடக்கும். ஓதம் வடிந்தபின் நண்டும் கொக்கும் அதில் சிக்கும். வசாய் கழிமுகத்தில் தண்ணீர் இறங்கியபோது, வேரில் சிக்கிய நரம்பில் காலை இழந்துகொண்டிருந்த ஒரு மடையானைக் கத்தரியால் விடுவித்திருக்கிறேன். ஒற்றைக் காலில் அது சேற்றில் போய் நின்ற நிற்பு இன்னும் கண்ணில் இருக்கிறது.

தம்பியின் ரீலில் ஒரு ஃபெல்ட் பிழைக்கவில்லை, மற்ற இரண்டும் எழும்பிவிட்டன. என்னிடம் இருந்த பழைய கார்பன் வாஷர் ஒன்று அதே அளவுக்குப் பொருந்தியது. புதன்கிழமை மாலை வேலை முடிந்து வந்தான். கிரீஸ் தடவி அடுக்கும் வேலையை அவனையே செய்யச் சொன்னேன். கம்பி வளையத்தை மாட்டி, குமிழைத் திருகி, தராசைக் கட்டி மெதுவாக இழுத்தான். முள் ஒன்றரையைத் தாண்டியதும் ஸ்பூல் சத்தமில்லாமல் நகர்ந்தது. முள் ஒரு கோடு இறங்கி, ஒன்றரையில் நின்றது. மறுபடி இழுத்தான், மறுபடியும் அதே இடம். பிறகு ஒன்றும் சொல்லாமல் குமிழை நான்கு சுற்று பின்னால் திருகிவிட்டு, ரீலைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தான். நான் மேசையிலிருந்து ஒரு சிவப்பு ரப்பர் வளையத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.